மாடு போகக்கூடாத குட்டை

டெல்ஃபினா போர்பா இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினவள். எங்கள் பக்கத்தில் இன்றைக்கு நாற்பது வயதைத் தொட்டவர்களில் பாதிப்பேர் அவளுடைய பின்கண்ணாடிப் பார்வைக்குப் பயந்து வளர்ந்தவர்கள். "உட்காரு" என்று ஒரு தடவைதான் சொல்வாள். இரண்டாம் தடவை சொல்லவேண்டி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரே விஷயத்தை ஏழு வருஷம், அதிகாரி மாற்றி அதிகாரியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதைக் கூட இருந்து பார்த்தேன். அதில் பாதிப் பழி என்னுடையது.

நான் இங்கே மலையடிவார நில அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். நிலத்துக்காரர்கள் 'இந்த மண்ணை இப்படியே வைத்திருப்போம்' என்று எழுதித் தரும் பத்திரங்களைக் காப்பதும், வருஷம் ஒருமுறை போய் எழுதினபடி நடக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. டெல்ஃபினாவின் தம்பி அன்செல்மோ என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவள் எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே.

கலிபோர்னியாவில் மெர்செட் ஊருக்குக் கிழக்கே, சமவெளி முடிந்து குன்றுகள் எழும்பும் இடத்தில் போர்பா குடும்பத்துக்கு மேய்ச்சல் நிலம். அப்பா இறந்ததும் சாலையோரப் பாதி அன்செல்மோவுக்கும் குன்றுப்பக்கப் பாதி டெல்ஃபினாவுக்கும் வந்தது. இரண்டு பாதியிலும் மழைக்குட்டைகள் இருந்தன. மண்ணுக்கடியில் பாறைபோல இறுகின களித்தட்டு இருப்பதால் டிசம்பர் மழை கீழே இறங்காது. பள்ளங்களில் நின்று, ஏப்ரலில் விளிம்பெல்லாம் மஞ்சள் பூவாகி, மே மாதம் வெடித்துக் காய்ந்துவிடும். அந்தத் தண்ணீரில் நகத்தளவு இறால் ஒன்று பிறக்கும். கண்ணாடிபோல உடம்பு, மல்லாந்துதான் நீந்தும். காய்ந்த சேற்றில் அதன் முட்டைகள் பல வருஷம் தூங்கிக் கிடக்கும். உலகத்தில் வேறு எங்கும் அதிகம் இல்லாத பிராணி என்பதால் சட்டத்தின் காவல் அதற்கு உண்டு.

அன்செல்மோ தன் பாதியில் கொஞ்சம் பாதாம் வைத்தான். கிணற்றில் தண்ணீர் கீழே போய் மரங்கள் பட்டுப்போயின. மீதியில் அக்காவின் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நெடுஞ்சாலை அகலமானதும், சரக்குக் கிடங்கு கட்டும் கம்பெனி ஒன்று அவன் நிலத்தைக் கேட்டது. அவன் சரி என்றான். ஆனால் அங்கே பதினோரு குட்டை. அதை மூட வேண்டுமானால் அதே மாதிரிக் குட்டைகள் உள்ள வேறு நிலத்தை என்றைக்கும் காப்பதற்குக் கம்பெனி பணம் கொடுக்கவேண்டும். அதற்குப் பெயர் ஈடு. பக்கத்தில் தேடினதில் பொருத்தமாக இருந்தது ஒரே இடம்தான், டெல்ஃபினாவின் நிலம்.

கேட்கப் போகும்போது அன்செல்மோ என்னையும் கூப்பிட்டான். "நீயும் வா லோரீன். வெளி ஆள் இருந்தா கொஞ்சம் மரியாதையா திட்டுவா."

அவள் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு மண்டி போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "என்னடா, சாட்சியோட வந்திருக்க?" என்றாள்.

"கொஞ்சம் பேசணும்க்கா."

"பேசு. அப்படியே அந்த ஸ்பேனரை எடுத்துக் குடு."

அவன் சொன்னான். அவள் குழாயைத் திருகிக்கொண்டே முழுதும் கேட்டாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆக, நீ உன் பதினோரு குட்டைய மூடுவ. அதுக்குப் பதிலா நான் என் பதினாலு குட்டைய மூடாம இருக்கணும். அதானே?"

"சட்டம் அப்படித்தான்க்கா."

"நான் எப்படா மூடறேன்னு சொன்னேன்?"

"சொல்லல. மூடமாட்டேன்னு பத்திரத்துல எழுதித் தரணும்."

"தப்பு செய்யாதவளுக்குச் செய்யமாட்டேன்னு எழுதிக் குடுக்கச் சம்பளம். செய்றவனுக்கு அனுமதி. இதை யோசிச்சவன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்? நிச்சயமா என் பஸ்ல வந்தவன் இல்ல."

அன்செல்மோ என்னைப் பார்த்தான். அவன் போன பிறகு நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து பேசினேன். டெல்ஃபினா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை இல்லை. அவளுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பிறகு அந்த நிலத்தை வாங்கப்போவது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெரிய பாதாம் கம்பெனிகள் ஆள் உயரக் கலப்பைக் கொழுவைக் கொண்டுவந்து களித்தட்டை உடைக்கும். உடைத்த தட்டு மறுபடி ஒட்டாது, தண்ணீர் நிற்காது. அறக்கட்டளை அந்த நிலத்தைக் காக்கப் பத்து வருஷமாக ஆசைப்பட்டது. எங்களிடம் பணம் இல்லை. இப்போது கம்பெனி பணம் தருகிறது. ஒரு பங்கு அவளுக்கு, ஒரு பங்கு வைப்பு நிதியாகப் போட்டு அதன் வட்டியில் காலாகாலத்துக்கும் வேலியும் காவலும். இதையெல்லாம் சொன்னேன்.

"அவன் குட்டைய மூடறதைத் தடுக்க முடியாதா?"

"முடியாது. நீ இல்லாட்டி நூறு மைல் தள்ளி வேற யாரையாவது பிடிப்பாங்க."

"அப்ப இந்தப் பக்கத்துல ஒண்ணும் மிஞ்சாது."

"ஆமா."

"சரி," என்றாள். மகிழ்ச்சியே இல்லாத சரி.

அதற்குப்பின் நான்கு வருஷம் காகிதம். வனவிலங்குத் துறை ஏதாவது ஒன்று கேட்கும், அனுப்புவோம். அதிகாரி மாறுவார். புது அதிகாரி முதலிலிருந்து கேட்பார். கடைசியில் வந்த பராமரிப்புத் திட்டம் இருநூறு பக்கம். டெல்ஃபினா அதை முழுதாகப் படித்தாள். கம்பெனி, துறை, என் அறக்கட்டளை எல்லாம் சேர்த்து, அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் 'காப்பு நிலத்தில் கால்நடை மேய்ச்சல் கூடாது' என்றிருந்தது. அவள் பேனாவால் அடித்துவிட்டு ஓரத்தில் 'மாடு வேண்டும்' என்று எழுதி அனுப்பினாள். அடித்த வரி மறுபடி அச்சாகி வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி வந்தது, 'உங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற கடிதத்தோடு.

"லோரீன், இதை எழுதினவன் இங்க வந்து பாத்தானா?"

வரவில்லை. ஆலோசனை நிறுவனத்து ஆள் ஒருவன் கடலோரச் சதுப்பு ஒன்றுக்கு முன்பு எழுதினதை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியிருந்தான். அறுபதாம் பக்கத்தில் மாற்ற மறந்து 'அலையேற்ற நேரங்களில்' என்று ஒரு வரி இருந்தது. எங்களுக்குக் கடல் நூறு மைல்.

"அலையைக் கூடச் சமாளிச்சுக்கறேன். இந்தப் புல்லு நம்ம ஊர்ப் புல்லு இல்ல. வெளியிலேருந்து வந்தது. மாடு தின்னலேன்னா இடுப்பு உயரம் வளந்து, அதுலயே மக்கி, தண்ணிய எல்லாம் குடிச்சிடும். இது புரியறதுக்கு விஞ்ஞானி வேணுமா?"

அப்போது நான் சொன்னேன். இன்றைக்கும் அந்த வார்த்தை என் காதில் கேட்கிறது. "இப்பக் கையெழுத்துப் போட்டுடு. மாட்டு விஷயத்தைப் பிறகு திருத்திக்கலாம். சின்னத் திருத்தம்தானே."

என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

வேலி போட்டார்கள். மாடுகளை வெளியேற்றினாள். அதே கோடையில் அன்செல்மோவின் குட்டைகள் மூடப்பட்டன. அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டது அப்போதுதான். சண்டை எதுவும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவள் இடப்பக்க வரிசை, அவன் வலப்பக்க வரிசை.

முதல் குளிர்காலம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் புல் முழங்காலுக்கு மேலே. மூன்றாவது ஜனவரியில் நான் வலையோடு போனபோது குட்டை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பழைய புல் மெத்தைபோல மக்கிக் கிடந்தது. மிதித்தால் காலடியில் ஈரம் மட்டும் கசிந்தது. பதினாலில் மூன்று குட்டையில்தான் இறால் கிடைத்தது, அதுவும் எண்ணிவிடலாம். டெல்ஃபினா வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் சொல்லக் காத்திருந்தாள். நான் சொன்னதும், "ம்" என்றாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான் திருத்தம் கேட்டு எழுதினேன். அவளும் எழுதினாள். துறையிலிருந்து வந்த பதில், உயிரினங்கள் குறைந்துவிட்டதால் நிதி நிறுத்திவைக்கப்படுகிறது, சரிசெய்யும் திட்டம் ஒன்று அனுப்பவும் என்றது. என்ன செய்யலாம் என்று யோசனையும் இருந்தது. களைக்கொல்லி அடிக்கலாம். அல்லது ஆள் வைத்துக் கையால் புல் அறுக்கலாம்.

"நானூறு ஏக்கரை," என்றாள் டெல்ஃபினா, "கையால."

அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, லிங்குவீசா தொத்திறைச்சி வறுத்து, முட்டை உடைத்து, தின்று முடித்து, பாத்திரமும் கழுவினாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பையன் குரல் எடுத்து, இது வேறு பிரிவு என்றது.

மறுவருஷம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னைக் கூப்பிட்டாள்.

"லோரீன், நான் பத்திரத்தை மீறியிருக்கேன். வந்து எழுதிக்கோ."

போனேன். வடக்கு வயலின் கதவு திறந்திருந்தது. மாடுகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலையில்லாமல் தின்றுகொண்டிருந்தன. வடக்கு வயலில் எட்டுக் குட்டை, தெற்கில் ஆறு. தெற்கைப் பூட்டியே வைத்திருந்தாள்.

"ஏன் இப்படிப் பண்ணின? பிடிச்சா அபராதம் போடுவாங்க, தெரியுமில்ல?"

"ஏப்ரல்ல புல்லு விதை போட்டுடும். அதுக்கு முன்னால வாய் வைக்கணும். இவங்க பதில் வர்றதுக்குள்ள விதை முளைச்சு, பேரப்பிள்ளை எடுத்துடும். ஒரு வயல்ல விட்டிருக்கேன், ஒரு வயல்ல விடல. வந்து ரெண்டையும் பாக்கட்டும். எழுது."

"நான் பாக்கலேன்னு இருந்துடவா?"

அவள் முகம் மாறியது. அந்தப் பின்கண்ணாடிப் பார்வையை அன்றுதான் நான் முழுதாக வாங்கினேன். "திருட்டுத்தனமா செய்யறதா இருந்தா உன்னை ஏன் கூப்பிடறேன்? சரியா எழுது. நாப்பது மாடு, எட்டாம் தேதி காலை ஏழு மணி, கதவைத் திறந்தது டெல்ஃபினா போர்பா."

எழுதினேன். என் கையால் என் தோழியின் மேல் குற்றப் பத்திரிகை. அன்றே துறைக்கு அனுப்பினேன்.

செய்தி ஊரில் பரவ இரண்டு நாள் போதுமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை எங்கள் போர்ச்சுகீசிய வம்சாவளி மன்றத்தில் வருஷாந்தர நண்டு விருந்து. நீள மேசைகளில் காகிதம் விரித்து, நண்டைக் குவித்து, எல்லாரும் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு உடைத்துத் தின்றுகொண்டிருந்தோம். நானும் டெல்ஃபினாவும் எதிரெதிரே. அன்செல்மோ வந்து அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் பேசினான்.

"ஊரே உன் மாட்டைப் பத்திப் பேசுது."

"நல்ல மாடு. பேசட்டும்."

"கம்பெனிக்காரன் காலையிலேருந்து எனக்கு போன் போட்டுட்டே இருக்கான். ஈடு செல்லாதுன்னு துறை சொல்லிட்டா ரெண்டாவது கிடங்கு வேலை நின்னுடுமாம். உங்க அக்காவுக்குச் சொல்லுங்கங்கறான். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்க?"

"என் குட்டையில தண்ணியே நிக்கல. உன் கிடங்கு நின்னா எனக்கென்ன."

"என் கிடங்கு இல்லக்கா. நான் வித்துட்டேன்."

"அதான் தெரியுமே."

அவன் ஒரு நண்டுக் காலை எடுத்தான், உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "மூடின அன்னிக்கு நான் போகல. மறுநாள் போய்ப் பாத்தேன். சமமா இருந்துது. எந்த இடம் எதுன்னே தெரியல." அவள் அடுத்த நண்டை இழுத்துக்கொண்டாள். "இவ்வளவு தொல்லை எதுக்கு உனக்கு? மாட்டை வெளிய விடு. சொல்றபடி புல்லை அறு."

"நீ சொல்லு. உன் குட்டையில கடைசி நாள் வரைக்கும் என் மாடு நின்னுதா இல்லையா?"

"நின்னுது."

"இறால் இருந்துதா?"

"இல்லாமலா இந்தக் கூத்தெல்லாம்? பதினோரு குட்டையிலயும் ஏராளமா இருக்குன்னு துறைக்காரங்களே எழுதிக் குடுத்—"

அங்கேயே நின்றுவிட்டான். நான் நண்டு உடைக்கும் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"எழுதிக் குடுத்தது எங்க இருக்கு?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"வீட்டுல. அனுமதிக் காகிதத்தோட. கணக்கெடுக்க வந்தவங்க ரெண்டு குளிர்காலம் பாத்து எழுதினது." கொஞ்சம் யோசித்தான். "படம்கூட இருக்கு. ஒரு படத்துல உன் மாடு தண்ணிக்குள்ளயே நிக்குது."

அவள் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். "எழுந்திரு."

"நண்டு—"

"அதைக் கையில எடுத்துக்கோ."

மார்ச் நடுவில் துறையிலிருந்து விசாரிக்க வந்தவள் விட்லி என்ற பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். வாகனத்தை விட்டு இறங்கும்போதே களைத்துப்போயிருந்தாள். அறுபது நிலம் அவள் பொறுப்பாம், எங்களுடையது அவளுக்கு வந்து இரண்டு மாதம்தான். டெல்ஃபினா முதலில் தெற்கு வயலைக் காட்டினாள். விட்லி புல்லுக்குள் கைவிட்டு, மக்கின அடுக்கை முழங்கை ஆழம் வரை துழாவினாள். பிறகு வடக்கு. ஐந்து வாரம் மேய்ந்ததில் குட்டையின் விளிம்பு திரும்பத் தெரிந்தது. கடைசி மழைத் தண்ணீர் அங்கே இன்னும் நின்றது. தெற்கில் இல்லை.

"பாக்க நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒரு வருஷத்துல, ஒரு வயலை வச்சு நான் எதுவும் சொல்லமுடியாது. மாடு மேய்ஞ்ச குட்டையில இந்த இறால் நல்லா இருந்ததுக்கு இந்தப் பக்கத்துலேருந்தே ஆதாரம் வேணும். எங்க முறையில எடுத்த கணக்கா இருக்கணும்."

அன்செல்மோ வண்டியிலிருந்து கோப்பை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். அவள் நின்றபடியே படித்தாள். பக்கம் திருப்பினாள். முன்பக்கத்துக்கு வந்து முத்திரையைப் பார்த்தாள்.

"இது எங்க ரிப்போர்ட்டு."

"ஆமாம்மா," என்றான் அன்செல்மோ.

"'நிலப் பயன்பாடு: தொடர் மேய்ச்சல். உயிரினங்களின் நிலை: மிக நன்று.'" சத்தமாகவே வாசித்தாள். "இந்த நிலம் எங்க இருக்கு?"

டெல்ஃபினா தெற்கே கை நீட்டினாள். ஒரு மைலுக்கு அப்பால் கிடங்கின் வெள்ளைக் கூரை வெயிலில் தெரிந்தது.

விட்லி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "திருத்தத்துக்கு நான் எழுதறேன். ஆனா எட்டு மாசமாவது ஆகும்," என்றாள்.

"எட்டு மாசத்துல எல்லாம் விதை போட்டு முடிஞ்சிருக்கும்."

"தெரியுது. அதுவரைக்கும்..." அவள் வண்டியின் முன்மூடியில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள். "ஆராய்ச்சிக்காகன்னு மூணு வருஷத் தற்காலிக அனுமதி குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. வடக்கு வயலுக்கு மட்டும். தெற்கு இப்படியே பூட்டியிருக்கணும், ஒப்பிட்டுப் பாக்க."

"தெற்குல ஆறு குட்டை சாகுமே."

"சாகலாம், மேடம்." விட்லி நிமிர்ந்து பார்த்தாள். "அது இல்லாம எங்க மேலதிகாரிங்க நம்பமாட்டாங்க. என்னால இவ்வளவுதான் முடியும்."

டெல்ஃபினாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் முதல்முறையாக நிலத்துக்கு வந்து, குனிந்து, கை நனைத்துப் பார்த்த ஒருத்தி சொன்னது. ஒப்புக்கொண்டாள். அபராதமும் வந்தது, கட்டினாள். அந்த மீறல் அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று என் அறக்கட்டளைத் தலைவர் நல்ல மனதோடு சொன்னார். அவள் கூடாது என்றுவிட்டாள். "நடந்தது நடந்ததாவே இருக்கட்டும். அடுத்த தடவை படிக்கறவனுக்காவது உறைக்கும்."

அடுத்த குளிர்காலம் நல்ல மழை. ஜனவரியில் வடக்கு வயலில் எட்டில் ஐந்து குட்டையில் இறால். அதற்கடுத்த வருஷம் ஏழில். வலையை நான் வெள்ளைத் தட்டில் கவிழ்க்க, அவை மல்லாந்துகொண்டு சுற்றுவதை அக்காளும் தம்பியும் இரண்டு பக்கம் மண்டியிட்டுப் பார்த்தார்கள். "உன் மூஞ்சி மாதிரியே இருக்குடா," என்றாள் அவள். அவன் சிரித்தான். தெற்கு ஆறில் நான்கு அதற்குள் காலியாகிவிட்டது. மூன்றாம் வருஷ முடிவில் இரண்டு வயலுக்கும் மேய்ச்சல் அனுமதி வந்தது. அந்த நான்கில் இரண்டு தேறியது. மற்ற இரண்டில் இன்றுவரை ஒன்றும் இல்லை. சேற்றில் முட்டை ஏதாவது உயிரோடு கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டைக் கடக்கும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன். அவள் கவனித்திருக்கிறாள். இதுவரை சொல்லிக்காட்டவில்லை.

அன்செல்மோ இப்போது வாரத்தில் மூன்று நாள் வேலி பார்க்க வருகிறான். வந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் சண்டைதான். கம்பி இறுக்கமாக இருக்கிறது, இல்லை தளர்வாக இருக்கிறது, இப்படி.

காகிதம் குறையவில்லை. மேய்ச்சல் அனுமதியோடு முப்பத்திநாலு பக்கப் படிவம் ஒன்று வருஷாவருஷம் வருகிறது. போன மாதம் அதை என் மேசையில் போட்டாள். 'கால்நடைகளை நிலத்தில் விடுவதன் நோக்கம்' என்ற இடத்தில் பெரிய எழுத்தில் 'புல் தின்ன' என்று எழுதியிருந்தாள். அனுப்பினோம். மேலும் விவரிக்கவும் என்று திரும்பி வந்திருக்கிறது. இந்த வியாழக்கிழமை அவள் வருவாள், இரண்டு பேரும் உட்கார்ந்து விவரிக்க வேண்டும்.